கடன் புத்தகமும் மாவு மில்லும்: வெள்ளத்துக்குப் பின் ஒரு தோட்டக் கடை

2023 மார்ச் தொடக்கத்தில் பெய்த மழை மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் சிகாமட், குளுவாங், பத்து பகாட் வட்டாரங்களைத் தண்ணீருக்குள் தள்ளியது. அதற்கு முன் 2006 டிசம்பரிலும் 2011 ஜனவரி இறுதியிலும் சிகாமட் இதே பாட்டைப் பட்டிருக்கிறது. வெள்ளம் வடிந்த ஒரு வாரத்தில் நகரத்துப் பேரங்காடியில் விளக்கு எரியும். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊரின் ஒற்றை மளிகைக் கடைக்கு அந்த வசதி இல்லை. அது எழுந்தால் ஊர் சனம் எழுப்பினால்தான்.

அப்படிப்பட்ட ஒரு கடையின் மீட்பைத்தான் இங்கே ஆராய்கிறோம். ஊருக்கும் கடைக்கும் பெயர் கொடுக்கவில்லை. வட ஜொகூர்த் தோட்ட ஊர்க் கடைகளின் பொதுவான அமைப்பையும், வெள்ளத்துக்குப் பின் அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களையும் ஒரே கடையாக வைத்து எழுதியிருக்கிறோம். வெள்ளி (ரிங்கிட்) கணக்குகள் விகிதத்தைக் காட்டுவதற்காக வைத்தவை. கழுவும் அளவு, உலர்த்தும் முறை, சட்டம் ஆகியவை எந்தக் கடைக்கும் பொருந்தும்.

கடையின் அமைப்பு

ஒரு கதவு அகலக் கடை. முன்பக்கம் அரிசி, பருப்பு, வெங்காயம், கருவாடு, சார்டின் டின், கற்பூரம், ஊதுபத்தி. பின்பக்கம் மில். ஐந்து குதிரைத்திறன் மும்முனை மோட்டார் ஒன்று பெல்ட் வழியாக மிளகாய், மல்லி அரைக்கும் சுத்தியல் மில்லை ஓட்டுகிறது. பக்கத்தில் இட்லி, தோசை மாவுக்கு இரண்டு கல் கிரைண்டர்கள். லயத்துக் குடும்பங்கள் (தோட்ட வரிசை வீடுகளில் இருப்பவர்கள்), தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு வாங்கியவர்கள், இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள், சுற்றுவட்டாரச் சீனச் சிறுதோட்டக்காரர்கள் என எல்லாருக்கும் இதுதான் கடை.

இந்தக் கடை ஓடுவது 7ஆம் தேதியை நம்பி. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கைக்கு வந்தாக வேண்டும். அதனால் தோட்டத்தில் மாதம் பிறப்பது ஒன்றாம் தேதியன்று அல்ல, 7ஆம் தேதியன்று. மற்ற நாளெல்லாம் 555 என்ற கடன் புத்தகம்தான். சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சிறு புத்தகம் குடும்பத்திடம் இருக்கும். அதே கணக்கு கடையின் பெரிய பேரேட்டிலும் ஏறும். 120 குடும்பம் சராசரி 150 வெள்ளி பாக்கி வைத்தால் வெளியே நிற்கும் பணம் 18,000 வெள்ளி. இந்த அளவுக் கடையின் அலமாரியில் இருக்கும் சாமான் அதற்கும் குறைவாகத்தான் தேறும். கடையின் பெரிய சொத்து காகிதத்தில் இருந்தது என்பதை வெள்ளத்தன்று யாரும் நினைக்கவில்லை. ஓடி ஓடி அரிசி மூட்டையைத்தான் தூக்கினார்கள்.

முதல் நாள்: வேகம் செய்த சேதம்

தண்ணீர் நான்கு அடி ஏறி மூன்று இரவு நின்றது. வடிந்த காலையிலேயே கோத்தோங் ரோயோங்குக்கு, அதாவது ஊர் கூடிச் செய்யும் வேலைக்கு, நாற்பது பேர் வந்துவிட்டார்கள். கோயில் நிர்வாகத்தினர், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர், தோட்டத்து இளைஞர்கள், இரண்டு லோரி. மதியத்துக்குள் கடை காலி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எது எவ்வளவு போனது என்பதற்கு ஒரு படம் கூட இல்லை.

வெள்ளத்துக்குப் பின் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். காப்புறுதி, மொத்த வியாபாரி, வருமான வரி மூன்றுக்கும் தேவை ஆதாரம். படம் எடுக்கும் முன் ஒரு மூட்டையும் வாசலைத் தாண்டக் கூடாது. சுவரில் தண்ணீர்க் கோடு தெரியும்படி அளவு நாடாவை நிறுத்தி ஒரு படம், ஒவ்வொரு அலமாரியும் மேலிருந்து கீழாக ஒன்று, ஒவ்வொரு வகைச் சாமானும் எண்ணும்படி அடுக்கி ஒன்று. ஒருவர் படம் எடுக்க, ஒருவர் எழுத, மற்றவர்கள் தூக்க வேண்டும். ஒரு மணி நேரத் தாமதம், அவ்வளவுதான். அதே நாளில் போலீஸ் புகார். கடைப் பதிவுச் சான்று, நகராண்மைக் கழக உரிமம், சீனி, மாவு, எண்ணெய் போன்ற கட்டுப்பாட்டுப் பொருள்களுக்கான உரிமம் நனைந்திருந்தால் அவற்றையும் அதே புகாரில் சேர்த்துவிட வேண்டும். மறுபதிப்பு வாங்கும்போது இன்னொரு முறை அலைய வேண்டாம்.

காப்புறுதி பற்றியும் ஒரு வார்த்தை. ‘கடைக்கு இன்சூரன்ஸ் இருக்கு’ என்று நம்பியிருந்த கடைக்காரர்கள் பலருக்கு வெள்ளத்தன்றுதான் தெரிகிறது, கையில் இருப்பது அடிப்படைத் தீ காப்புறுதி மட்டும் என்று. வெள்ளம் அதில் தானாக அடங்காது. கூடுதல் கட்டணம் கட்டித் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். கட்டடத்துக்குச் சேர்த்துவிட்டு உள்ளே இருக்கும் சரக்குக்குச் சேர்க்காமல் விட்டவர்களும் உண்டு.

எதைக் கழுவலாம், எதை வீசலாம்

சேறு ஈரமாக இருக்கும்போதே தள்ளிவிட வேண்டும். ஒரு வெயில் பட்டுவிட்டால் மண்வெட்டியால் கொத்த வேண்டியிருக்கும். ஆனால் அதற்கு முன் கடைக்கு முன்னால் உள்ள கால்வாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது அடைத்திருந்தால் தள்ளிய சேறு சாயங்கால மழையில் திரும்பவும் உள்ளே வரும். இந்தக் கடையில் அப்படித்தான் வந்தது. ஆகவே முதலில் கால்வாய், பிறகு கடையின் பின்சுவரில் தொடங்கி வாசல் நோக்கி ரப்பர் தள்ளுகட்டை, அதன் பிறகு நல்ல தண்ணீர், சோப்பு, கடைசியாகத்தான் குளோரக்ஸ் வெளுப்பான். சேற்றின் மேல் குளோரின் ஊற்றினால் சேறே அதைத் தின்றுவிடும். கிருமிக்கு எதுவும் மிஞ்சாது.

அளவு: வீட்டில் வாங்கும் ஐந்து விழுக்காட்டு வெளுப்பான் 200 மில்லி, பத்து லிட்டர் வாளித் தண்ணீருக்கு. தரை, சுவர், இரும்பு அலமாரிக்கு இது. பத்து நிமிடம் ஈரமாக இருக்க விட்டுக் கழுவ வேண்டும். உணவு படும் இடங்களுக்கு, அதாவது தராசுத் தட்டு, மாவுச் சட்டி, அகப்பை இவற்றுக்கு 40 மில்லி போதும். கழிப்பறை கழுவும் அமிலத்தையும் இதையும் ஒரே வாளியில் கலக்கவே கூடாது. வரும் புகை நெஞ்சை அடைக்கும். மூடிய கடைக்குள் ஆளே விழுந்துவிடலாம்.

உதவிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் சிலிப்பர் போட்டு வந்தார்கள். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் வெள்ளச் சேற்றில்தான் ஒட்டும். காலில் ஒரு சிறு கீறல் போதும். பூட்ஸ், ரப்பர் கையுறை இல்லாதவர்களைத் தூக்கும் வேலைக்கு விடாமல் வெளியே எழுதும் வேலைக்கு வைப்பதே நல்லது. அடுத்த இரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வெள்ளத்தில் வேலை செய்ததை கிளினிக்கில் மறக்காமல் சொல்ல வேண்டும்.

சாமானில் பெரிய சச்சரவு வந்தது டின்களில். சார்டின் டின் ஒழுகவில்லை, நசுங்கவில்லை. லேபிளை உரித்து, கழுவி, குளோரின் நீரில் பதினைந்து நிமிடம் வைத்தால் வீட்டில் சாப்பிடலாம் என்பது உண்மை. ஆனால் லேபிள் இல்லாத டின்னைக் கடை விற்க முடியாது. 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறைகள் உள்ளே என்ன, யார் செய்தது என்று லேபிளில் கேட்கின்றன. விற்ற டின்னால் ஒருவருக்கு வயிறு கெட்டால் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டம் கடைக்காரரிடம்தான் வரும். ‘பாதி விலைக்குக் கொடுங்க, நாங்க வாங்கிக்கிறோம்’ என்று ஊர் பாசத்தோடு கேட்டாலும் கொடுக்கக் கூடாது. திருகு மூடிப் போத்தல், பிளாஸ்டிக் பை எண்ணெய், இழுத்துத் திறக்கும் டின், மூட்டை அரிசி, பருப்பு எல்லாம் பேசாமல் குழிக்குள். மேல்தட்டில் இருந்து தண்ணீரே தொடாத அரிசியும் மூன்று நாள் ஈரக்காற்றில் பூஞ்சை மணம் அடித்தால் அதே வழிதான்.

ஐஸ் பெட்டியைப் பற்றிச் சுருக்கமாக. கம்ப்ரஸர் மூடிய உருண்டை, அது பிழைக்கலாம். ஆனால் சுவருக்குள் இருக்கும் நுரை வெள்ள நீரைக் குடித்துவிட்டால் நாற்றம் ஒரு நாளும் போகாது. வீசிவிட வேண்டியதுதான். மிதந்த எரிவாயு உருளைகளைக் கடையில் திறந்து பார்க்காமல் முகவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். வால்வுக்குள் சேறு இருக்கும்.

மரத்தில் ஒரு பாடம். செங்கால் மரத்தில் செய்த பழைய கல்லாவும் பலகையும் கழுவி நிழலில் காய வைத்ததும் முன்போலவே நின்றன. பத்து ஆண்டு முன் புதிதாகப் போட்ட மரத்தூள் பலகை அலமாரிகள் ரொட்டிபோல் ஊதி, திருகாணி கழன்று சரிந்தன.

மின்சாரமும் மோட்டாரும்

கடையைப் பற்றி ஊர் கவலைப்பட்டதில் மில்தான் முதல். சித்திரைப் பிறப்பு ஏப்ரல் 14. அந்த ஆண்டு நோன்பு மார்ச் 23இல் தொடங்கிவிட்டதால் இந்தோனேசியத் தொழிலாளர்களும் மசாலாவுக்கு நின்றார்கள். அரைக்க அடுத்த இடம் இருபது கிலோமீட்டர் தள்ளி.

இங்கேதான் அவசரம் அதிகச் செலவு வைக்கும். ‘ஒரு தடவை போட்டுப் பார்ப்போம், ஓடினா ஓடுது’ என்று யாராவது சொல்வார்கள். நனைந்த சுருளில் மின்சாரம் ஏறினால் செம்புக்கும் இரும்புக்கும் நடுவே தீப்பொறி பாயும்; கழுவி உலர்த்தினால் பிழைத்திருக்க வேண்டிய மோட்டார் அந்த ஒரு நொடியில் புதுச் சுருள் சுற்ற வேண்டிய நிலைக்குப் போய்விடும். மீட்டர் மின்வாரியமான தெனாகாவின் சொத்து, அதைத் தொடக் கூடாது. மெயின் சுவிட்சுக்குப் பின்னால் உள்ள வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். நனைந்த எம்சிபி (மிகை மின்னோட்டத்தில் விழும் சுவிட்ச்), மின்கசிவுத் தடுப்பான், மோட்டாரின் காண்டாக்டர், ஓவர்லோட் ரிலே எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். காய வைத்துத் திரும்பப் போடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. வெளியே உலர்ந்து தெரிந்தாலும் உள்ளே விசைவில்லில் துரு பிடித்து, விழ வேண்டிய நேரத்தில் விழாது. 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகள் மின்கசிவுத் தடுப்பான் ஈரமான இடத்தில் 10 மில்லி ஆம்பியர் கசிவில், கையில் பிடிக்கும் கருவிகளுக்கு 30இல், மற்றவைக்கு 100இல் விழ வேண்டும் என்று கேட்கின்றன. ஈர மாவு அரைக்கும் மூலையை எந்த வகையில் சேர்ப்பது என்பதை வயர்மேன் முடிவு செய்ய வேண்டும். கடை முழுவதற்கும் ஒரே தடுப்பான் போட்டுச் சமாளிக்கக் கூடாது.

மோட்டாரைக் கழற்றும் முன் மூன்று வயர்களின் முனையிலும் அடையாளம் போட்டுப் படம் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் திரும்ப மாட்டும்போது மில் பின்னோக்கிச் சுற்றும். இரு பக்க மூடியையும் ரோட்டரையும் வெளியே எடுத்து, சுருளை நல்ல தண்ணீரில் மெல்லிய ஓட்டத்தில் கழுவ வேண்டும். வடியும் நீர் தெளியும்வரை. கார் கழுவும் உயர் அழுத்தக் குழாய் வேண்டாம்; அது வார்னிஷை உரித்து, சேற்றை இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

உலர்த்த ஒரு தகரப் பெட்டி. மோட்டாரை உள்ளே நிறுத்தி, அடியில் இரண்டு 100 வாட் இழை பல்பு, மேலே ஈரம் போக இரண்டு துளை, ஒரு வெப்பமானி. 80 பாகை செல்சியஸைத் தாண்ட விடக் கூடாது. பல்பு சுருளைத் தொடவும் கூடாது. இந்த மாதிரி ஒரு பெட்டி ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை எடுக்கும். எப்போது முடிந்தது என்று கையால் தொட்டுச் சொல்ல முடியாது. சுருளின் மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் கருவியை வைத்து, ஒரு நிமிடம் பிடித்துத்தான் அளக்க வேண்டும். முதலில் எண் கிட்டத்தட்டப் பூச்சியமாக இருக்கும். சூடு ஏறும்போது இன்னும் கொஞ்சம் கீழே கூடப் போகும். அதைப் பார்த்து மோட்டார் செத்துவிட்டது என்று கைவிடுபவர்கள் உண்டு. உள்ளே ஒளிந்த ஈரம் வெளியே வருவதால் அப்படி. பிறகு ஏறும், ஏறி ஒரு மட்டத்தில் நிற்கும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே நின்றால் இயக்கக் கூடாது. ஐந்தைத் தாண்டி நிலைத்தால் நிம்மதி. அந்த எண்ணைத் தேதியோடு மோட்டார் மூடியின் உள்பக்கம் எழுதி வைத்தால் அடுத்த வெள்ளத்தில் ஒப்பிட உதவும்.

பியரிங்கைக் கழுவிக் கிரீஸ் போடலாம் என்று மிச்சம் பார்ப்பவர்கள் இரண்டே மாதத்தில் ஊளைச் சத்தம் கேட்பார்கள். இந்த அளவு மோட்டாரில் பெரும்பாலும் 6206 எண் பியரிங்தான் வரும். பழையதன் ஓரத்தில் பொறித்த எண்ணைப் பார்த்து வாங்கி இரண்டையும் மாற்றிவிட வேண்டும். மில்லின் தண்டில் உள்ளவற்றையும் அப்படியே. கல் கிரைண்டரின் சிறு ஒருமுனை மோட்டாரில் கெப்பாசிட்டரையும் தூக்கி எறிய வேண்டும்.

இனி மில்லே. சுத்திகள், உள்சுவர், சல்லடை எல்லாம் மூன்று இரவில் செம்மண் நிறத் துரு. இரும்பு பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகும் துரு மிளகாய்த் தூளில் வரும், அதுவும் நிறத்தில் ஒளிந்துகொள்ளும். சல்லடையைப் புதிதாக வாங்கிப் போட்டு, மலிவான நொய்யரிசியை ஐந்து கிலோ ஐந்து கிலோவாக அரைத்து வெளியே கொட்ட வேண்டும். வரும் மாவை வெள்ளைத் தாளில் பரப்பி, தாளின் அடியில் காந்தத்தை நகர்த்திப் பார்க்க வேண்டும். கரும்புள்ளி காந்தத்தின் பின்னால் ஓடினால் இன்னும் ஒரு ஐந்து கிலோ. இந்தக் கடையில் நான்காவது முறையில்தான் தாள் சுத்தமாக வந்தது. அந்த மாவை ஆட்டுக்குப் போடுகிறேன் என்று கேட்டவர்களுக்கும் கொடுக்கவில்லை, அது சரி. கிரைண்டர் கல்லுக்கும் இதே கதைதான்: சோப்பு, 40 மில்லி அளவுக் குளோரின் நீரில் ஊறல், நல்ல தண்ணீர், பிறகு ஒரு படி பச்சரிசியை அரைத்து வீசுதல்.

பேரேடு

சாமானெல்லாம் குழிக்குப் போன அன்று மாலைதான் பேரேட்டைத் தேடினார்கள். கல்லாவின் கீழ் இழுப்பறையில், கெட்டி அட்டை உப்பி, செங்கல்போல் ஒட்டிக் கிடந்தது.

ஈரக் காகிதத்துக்கு இரண்டு நாள் அவகாசம். அதற்குப் பின் பூஞ்சை. வெயிலில் விரித்துப் போடுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். பக்கம் முறுகி, தொட்டால் உடையும். ஒட்டிய தாளைப் பிரிக்க இழுத்தால் எழுத்தோடு கிழியும். அன்றே பார்க்க முடியாவிட்டால் புத்தகத்தை அப்படியே பிளாஸ்டிக் பையில் சுற்றி, யார் வீட்டிலாவது ஓடுகிற ஐஸ் பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிட வேண்டும். உறைந்த காகிதத்தில் பூஞ்சை வளராது, வாரக்கணக்கில் காத்திருக்கும். பிறகு ஒவ்வொரு கட்டாக எடுத்து, இளக விட்டு, பத்துப் பக்கத்துக்கு ஒரு வெற்றுத் தாள் சொருகி, மின்விசிறிக் காற்றில் நிறுத்தி, சொருகிய தாளை நனைய நனைய மாற்ற வேண்டும். அச்சிட்ட நாளிதழைச் சொருகினால் அதன் மை கணக்கில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பக்கமும் திறந்ததும் கைப்பேசியில் படம்.

பந்துமுனைப் பேனாவால் எழுதியது பெரும்பாலும் பிழைத்தது. ஜெல் பேனா எழுத்து நீல மேகமாகப் பரவிப் போயிருந்தது. இது சின்ன விஷயம் போலத் தெரியும்; கடைசி இரண்டு மாதக் கணக்கு முழுவதும் ஜெல் பேனா.

ஊர் கடையைத் தூக்கியது இந்த இடத்தில்தான். பேரேட்டில் அழிந்த கணக்கு குடும்பங்களின் 555 புத்தகங்களில் இருந்தது. அவர்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் கடன் வெள்ளத்தோடு போயிருக்கும். தோட்டத்துக் கிராணி (அலுவலக எழுத்தர்) ஒருவர், ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், கோயில் பொருளாளர் ஆகிய மூவர் உட்கார்ந்தார்கள். ஒரு தாளில் மூன்று பத்தி: கடைப் பேரேடு என்ன காட்டுகிறது, குடும்பத்தின் புத்தகம் என்ன சொல்கிறது, இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட தொகை என்ன. இரண்டும் முரண்பட்டால் குடும்பத்தின் தொகையையே எடுத்தார்கள். கடைக்காரருக்கு இதில் சில நூறு வெள்ளி போயிருக்கலாம். தகராறில் போகக்கூடியது அதைவிட அதிகம்.

இடையில் ஒன்று கெட்டது. உற்சாகத்தில் ஓர் இளைஞர், காய வைத்த பேரேட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து ஊர் வாட்சாப் குழுவில் போட்டுவிட்டார். ‘பாருங்கள், எழுத்து தெரிகிறது’ என்பது அவர் சந்தோஷம். அந்தப் பக்கத்தில் ஏழு குடும்பத்தின் பாக்கி இருந்தது. மறுநாள் மேசைக்கு யாரும் வரவில்லை. அதன் பிறகு மேசையை அஞ்சடியிலிருந்து (கடை முன் நடைபாதையிலிருந்து) கோயில் மடப்பள்ளிக்குப் பின்னால் மாற்றி, ஒரு நேரத்தில் ஒரே குடும்பம் என்று வைத்து, ஆசிரியை மட்டும் பேசினார். கேட்கும் விதமும் மாறியது. ‘எவ்வளவு பாக்கி இருக்கு?’ என்று தொடங்காமல், ‘அக்கா, உங்க புத்தகம் நனையாம இருக்கா? நம்ம கடைப் புத்தகத்துல எழுத்து போயிருச்சு, அதப் பார்த்துத்தான் எழுதணும்’ என்று கேட்டார். அப்படிக் கேட்டால் கடன்காரராக வந்தவர் சாட்சியாக உட்காருவார். அன்றிலிருந்து வரிசை மறுபடி நின்றது.

நனைந்த பேரேட்டை வீசவில்லை. வருமான வரிக்காகக் கணக்குகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். உலர்ந்த கட்டு, மூன்று பத்தித் தாள், போலீஸ் புகார் மூன்றும் ஒரே உறையில்.

பணம்

ஒப்புக்கொண்ட கடனை ஒரே தடவையில் கேட்க முடியாது. செம்பனைக் குலை வெட்டுக்காரரின் கூலியில் பெரும்பகுதி வெட்டிய பழத்துக்கு. தோப்புக்குள் தண்ணீர் நின்ற நாள்களில் வெட்டு இல்லை. ஆகவே ஏப்ரல் 7 சம்பளம் மெலிந்துதான் வரும். கடைக்குக் கையில் காசு மிக வேண்டிய மாதமும் ஊருக்குக் கடன் மிக வேண்டிய மாதமும் ஒன்றே. பாக்கியை ஏப்ரல், மே, ஜூன் 7ஆம் தேதிகளில் மூன்றாகப் பிரித்தார்கள். முடியாதவர் 20 வெள்ளி கொடுத்தாலும் பதிவு, கையெழுத்து.

உடனடி முதலுக்கு மூன்று யோசனை வந்தது. உண்டியல் எடுத்து வீதி வசூல்: 1947ஆம் ஆண்டு வீடுவீடாக, வீதிகளில் வசூல் செய்வது பற்றிய சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும்; அதற்குள் நாள் போகும். கூட்டுப் பணம் (ஏலச் சீட்டு) கட்டி முதல் ஏலத்தைக் கடைக்கு விடுவது: எல்லாருக்கும் பழக்கமான வழி, ஆனால் கூட்டு நடத்துவதை 1971ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் மூடிவிட்டது. மூன்றாவதுதான் நின்றது: முன்பணச் சீட்டு. ஒரு குடும்பம் 50 வெள்ளி கொடுக்கிறது, கடை திறந்த பின் அந்த மதிப்புக்குச் சாமான் எடுக்கிறது. 80 குடும்பம் என்றால் 4,000 வெள்ளி. 1960இல் மலாயா இந்தியர்களின் அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டம் வாங்கிய தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவை இருக்கவில்லை. ‘ரசீது உண்டா?’ என்று மட்டும் கேட்டார்கள்.

சீட்டில் உள்ள ஆபத்து, எல்லாரும் முதல் வாரமே வந்து எடுத்துவிடுவது. அலமாரி காலி, கல்லாவும் காலி. அதனால் 20, 15, 15 வெள்ளி என்று மூன்று துண்டாகக் கிழிக்கும் சீட்டு. ஒரு துண்டு ஒரு மாதம்.

அடுத்த சிக்கலை யாரும் எதிர்பார்க்கவில்லை. நிவாரணம் வந்து குவிந்தது. அரிசி, பிஸ்கட், மைலோ, சார்டின், மீகூன். வீட்டுக்கு மூன்று மூட்டை இலவச அரிசி இருக்கும் ஊரில், 10 கிலோ உள்ளூர் அரிசியைக் கட்டுப்பாட்டு விலையான 26 வெள்ளிக்கு யார் வாங்குவார்? நல்ல மனத்தோடு வந்த லோரிகள் கடையின் முதல் மாத வியாபாரத்தை எடுத்துக்கொண்டு போயின. ஆகவே முதல் 4,000 வெள்ளியில் அரிசிக்குச் சொற்பம்தான். நிவாரணப் பையில் இல்லாதவற்றுக்கே பணம் போனது: சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், மல்லி, தேங்காய், புளி, கருவாடு, உளுந்து, வெளுப்பான், விளக்குமாறு, கற்பூரம். எல்லாம் நாலைந்து நாளில் ஓடுபவை. நூற்றுக்குப் பன்னிரண்டு லாபம் என்று வைத்தால் 4,000 ஒரு சுற்றுக்கு 480 தரும். மாதம் ஆறு சுற்று ஓடினால் 2,880. அதே பணத்தை அரிசியில் முடக்கினால் ஒரு சுற்றுக் கூட முடியாது. பின்னால் வந்த உதவிக் குழுக்களிடம், சாமானுக்குப் பதில் இந்தக் கடையின் சீட்டாக வாங்கிக் குடும்பங்களுக்குக் கொடுங்கள் என்று கோயில் நிர்வாகம் கேட்டுக்கொண்டது. இரண்டு குழு ஒப்புக்கொண்டது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய விஷயம்.

மொத்த வியாபாரியிடம் படங்களோடு போய்ப் பேசியதில் பழைய பில்லுக்கு அறுபது நாள் தள்ளுபடி கிடைத்தது. தள்ளுபடி என்றால் தொகையில் அல்ல, தேதியில். புதுச் சரக்கு ரொக்கத்துக்கு. இதுவே நியாயமான பேரம். பழையதைக் குறைக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் புதியது வந்திருக்காது.

கடை திறந்ததும் ‘கடன் உண்டா அண்ணே?’ என்பதே முதல் கேள்வி. இல்லை என்றால் ஊர் முகம் சுளிக்கும், பழையபடி என்றால் கடை இரண்டாம் முறை மூழ்கும். ஒரு குடும்பத்துக்கு 30 வெள்ளி வரை, பேரேட்டு மேசையில் கணக்கை ஒப்புக்கொண்டவர்களுக்கு மட்டும் என்று வைத்தார்கள். மேசைக்கு வராமல் இருந்த கடைசிச் சில குடும்பங்களும் அந்த வாரம் வந்துவிட்டன. முதல் சம்பளத்துக்கு முன்பே ஊரைவிட்டு வேலை மாறிப் போன வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பாக்கி மட்டும் வராக்கடன்.

மாற்றி அமைத்தவை

மோட்டார் தரையில் போல்ட் போட்டே நிற்கிறது. உயரத்தில் வைத்தால் அதிர்வில் சுவர் பிளக்கும். அதற்குப் பதில் நான்கு போல்ட்டையும் எண்ணெய் தடவி, ஸ்பேனரை அதே சுவரில் சங்கிலியில் தொங்கவிட்டு, வயரைக் கழற்றும் பிளக் ஒன்றை ஐந்தடி உயரத்தில் வயர்மேன் போட்டுக் கொடுத்தார். மோட்டார் நாற்பது கிலோ அளவில் வரும். இரண்டு பேர் பத்து நிமிடத்தில் மேல்தட்டுக்கு ஏற்றலாம். மின் பெட்டி ஆறடியில். சுவருக்குச் சாயம் உடனே அடிக்கவில்லை. செங்கல் குடித்த நீர் வெளியேறச் சில மாதம் ஆகும், அதற்குள் அடித்தால் உப்புப் பூத்து உரிந்துவிடும்.

அலமாரி இப்போது துளையிட்ட இரும்புச் சட்டத்தில். கீழ்த்தட்டில் வாளி, கயிறு, விளக்குமாறு. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அரிசி ஒரு வாரத்துக்குமேல் சேர்ப்பதில்லை. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் இன்ஃபோ பஞ்சிர் (வெள்ளத் தகவல்) இணையப் பக்கத்தில் ஊருக்கு மேலே உள்ள ஆற்று நிலையம் ‘வஸ்படா’ (விழிப்பு நிலை) காட்டினால் மோட்டார் கழறும், பேரேடு வீட்டுக்குப் போகும். ‘அமாரான்’ (எச்சரிக்கை) என்றால் சாமான் மேலே ஏறும். ‘பஹாயா’வுக்கு (ஆபத்து நிலைக்கு) காத்திருப்பதில்லை, அப்போது ரோடே இருக்காது.

பேரேடு எழுதுவது பந்துமுனைப் பேனாவால் மட்டும். ஒவ்வொரு 7ஆம் தேதி இரவும் கல்லா மூடிய பின் பக்கங்களைப் படம் எடுத்துக் கடைக்காரரின் மகளுக்கும் ஆசிரியைக்கும் அனுப்புகிறார்கள். குழுவில் போடுவதில்லை.